டிக் இல்லாத சக்கரம்

அன்புள்ள வீரம்மாளுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? பேத்துப்பாறையில் பனி இறங்கிவிட்டதா?

நான் காவல் பார்க்கும் கோயம்புத்தூர் ஷெட்டில், ஒருவர் மட்டும் உட்காரும் புதிய பந்தயக் காரைப் பாகம் பாகமாகப் பூட்டி முடித்தார்கள். மெக்கானிக் விக்னேஷ் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நட்டை முறுக்கிவிட்டுத் தாளில் டிக் போடுவான். எழுத்து வகுப்பில் கற்ற எனக்குப் படிக்கத் தெரியும் என்றதும், அதைச் சரிபார்க்கும் வேலையை எனக்குத் தந்தார்கள்.

அந்தக் காரின் முதல் பந்தயம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. புறப்படும் முன் அந்தத் தாளை விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். கார் எனக்காகக் காத்து நின்றது.

"வெரசா படிங்க தாத்தா, பந்தயமே முடிஞ்சிரும்" என்றாள் ஓட்டுகிற நதியா. நம் ஊருக்குப் பக்கத்து நாயுடுபுரத்துப் பெண்தான்.

'பின் வலது' என்ற வரியில் டிக் இல்லை. "இரும்மா" என்றேன். விக்னேஷ் தொட்டதும் நட்டு கையோடு சுழன்றது.

அவன் அதை இறுக்கிய பிறகு நதியா ஓட்டி, ஏழாவதாக வந்தாள். இறங்கியதும் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

கவலைப்படாதே, நான் காரில் ஏறுவதில்லை. நம் பூண்டு கொஞ்சம் அனுப்பு. இங்குள்ளதில் மணமே இல்லை. நீயும் எழுத்து வகுப்புக்குப் போகிறாயே, இதில் நீயாகப் படித்த வரிகளுக்கு டிக் போட்டுத் திருப்பி அனுப்பு. ஷெட் திறக்க நேரமாகிவிட்டது.

உன்,
நல்லசாமி