மாப்பிள்ளையின் முதுகுப் பை

ஜூன் 3
இன்று விடிகாலையில் முதல் முறையாக, வலசை போகும் ஒரு குயிலுக்குப் பட்டை கட்டினேன். வழக்கமாகக் கட்டுவது எங்கள் திட்டத் தலைவி. எதைக் கேட்டாலும் எடை போட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்வார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். அவருக்கு மட்டும் அது தெரியாது. மணிக்கட்டில் சுளுக்கு அவருக்கு. பதினோரு வருடமாகக் கணினி முன் உட்கார்ந்து வரைபடத்தில் புள்ளி வைக்கும் என்னைப் பார்த்து, "நீங்க கட்டுங்க" என்றார்.

மரத்தில் செய்த பெட்டைக் குயிலைக் கிளையில் வைத்து, ஒலிபெருக்கியில் குரலைப் போட்டோம். ஆண் ஒன்று விறைப்பாகப் பாய்ந்து வந்து வலையில் விழுந்தது. மரக்கட்டையை நம்பி ஏமாந்ததால் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். காலில் எண் போட்ட வளையம். முதுகில் புத்தகப் பை மாதிரி, ஐந்து கிராமில் செயற்கைக்கோளோடு பேசும் கருவி. அதைத் தாங்கும் பட்டை இறுகினால், பயணத்துக்கு முன் பறவை கொழுக்கும்போது சதையை அறுக்கும். தளர்ந்தால் கழன்றுவிடும். அதனால் பட்டைக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு தீக்குச்சி நுழைகிறதா என்று பார்க்க வேண்டும்.

பார்த்ததாகப் படிவத்தில் குறியிட்டிருக்கிறேன்.

ஜூன் 4
பார்க்கவில்லை. இதை நேற்றே எழுதியிருக்கலாம். குச்சியை எடுக்கும் நேரம் பார்த்து மாப்பிள்ளை என் சட்டைக் கையில் எச்சமிட்டது, பதறிப்போய்ப் பறவையை விட்டுவிட்டேன். பிறகு எல்லோர் முன்னாலும் கெத்தாகப் பேனாவை எடுத்தேன்.

ஜூலை 2
வலசைக்குக் கிளம்பிவிட்டது! கருவி பத்து மணி நேரம் பேசும், பிறகு இரண்டு நாள் வெயிலில் மின்னேற்றிக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். இன்று வாய் திறந்தபோது மாப்பிள்ளை மலைத்தொடருக்கு அந்தப் பக்கம். வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி, "மாப்பிள்ளை எங்க இருக்கார்?" என்றாள். இத்தனை வருடத்தில் நான் எங்கே இருந்தேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஜூலை 23
கடலைத் தாண்டிவிட்டது. நானே பறந்துபோய் வந்தவன் மாதிரி அலுவலகத்தில் மிதப்பாகத் திரிந்தேன். மூன்றாம் மாடி ஏறினால் எனக்கு மூச்சு வாங்கும்.

ஆகஸ்ட் 9
மூன்று நாள் முன்பு இருந்த அதே இடம்.

ஆகஸ்ட் 12
அதே இடம். அசைவுக் கணக்கு நின்றுவிட்டது. கருவியின் வெப்பம் நண்பகலில் நாற்பத்தெட்டு, விடியலில் பதினேழு. உயிருள்ள முதுகில் இருந்தால் இப்படிக் காய்ந்து குளிராது. தரையில் கிடக்கிறது. பறவையோடு கிடக்கிறதா, தனியாகவா? அதை எந்த எண்ணும் சொல்லாது. அறிக்கையில் 'இறந்திருக்கலாம்' என்று எழுதச் சொன்னார் தராசு. எழுதினேன். ஒரே சொல்லில் மூன்று பிழை, பழியை விசைப்பலகை மேல் போட்டேன்.

ஆகஸ்ட் 15
மனைவியிடம் சொல்லிவிட்டேன். குச்சி வைக்காததை, பொய்க் குறியை, இறுக்கிக் கட்டிக் கொன்றுவிட்டேன் என்பதை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க கட்டி எதுதான் அவிழாம இருந்திருக்கு?" என்றாள். வீடு மாறியபோது வண்டி மேல் நான் கட்டிய மெத்தை நடுச்சாலையில் இறங்கியது, படியில் வாய் பிளந்த குப்பைப் பை, தினமும் அவிழும் என் ஷூ கயிறு என்று பட்டியல் வேறு. ஆறுதலா, அவமானமா? இரண்டுமாக எடுத்துக்கொண்டேன்.

ஆனா என் ஜென்மத்துல ஒரே ஒரு முடிச்சு இறுகணும்னு இருந்து, அது அந்தப் பறவை மேலயா இறுகணும்?

அக்டோபர் 6
காலுறையைப் பறவை அளவுக்கு உருட்டி, பத்து முறை பட்டை கட்டிப் பார்த்தேன். ஆறு தளர்வு, நான்கு இறுக்கம். சரியாக இருந்தது ஒன்றும் இல்லை. நான் எதற்கும் லாயக்கில்லை என்பது இப்போது ஆய்வுப்பூர்வமாக உறுதி.

பிப்ரவரி 11
இந்த வருடம் ஏழு குயில்கள். புதிதாகச் சேர்ந்த இருவருக்கும் பட்டை கட்ட நான்தான் சொல்லித் தர வேண்டுமாம். போன தடவை படிவம் சுத்தமாக இருந்ததாம். தலையாட்டிவிட்டு வந்தேன். வெட்கம் கெட்ட தலை.

பிப்ரவரி 12
குளியலறைக் கண்ணாடி முன் தயாரித்த உரை முழுதும் மறந்துபோய், "மேடம், தீக்குச்சி வைக்கல" என்று மட்டும் வந்தது. என்ன, எப்போது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் எடை போட்டார். பிறகு படிவத்தைத் தேடி எடுத்து என் குறியைக் கோடு போட்டு அடித்தார்.

"கட்டம் காலியா இருந்திருந்தா எனக்குக் கோபம் வந்திருக்கும். அவ்வளவுதானே?" என்றார்.

இனி நான் கட்ட வேண்டாம். மரப் பொம்மைக் குயிலைத் தூக்கி வந்தால் போதுமாம். வெளியே வந்து முகம் கழுவினேன். ஆறு மாதத்தில் இன்றைக்குத்தான் சாப்பாடு சாப்பாடாக இறங்கியது.

மே 6
வலையில் ஒன்றும் விழவில்லை. பொம்மைக் குயிலின் அலகு உடைந்தது. யாரால் என்று எழுத வேண்டியதில்லை.

மே 19
ஐந்தரை மணிக்கு ஒன்று விழுந்தது. ஏற்கெனவே காலில் வளையம். தராசு எண்ணை மெதுவாக வாசித்தார். அவர் முடிக்கும் முன்பே மிச்ச எண்ணை நான் சொல்லிவிட்டேன். என் தொலைபேசி எண் எனக்கு மறக்கும், அது மறக்காது.

முதுகில் கருவி இல்லை. காயமில்லை, தழும்பில்லை. பட்டை உரசிய இடத்தில் மட்டும் நான்கைந்து இறகு வெள்ளையாக முளைத்திருந்தது. ஆக, தளர்வாகத்தான் கட்டித் தொலைத்திருக்கிறேன். ஒரு வேலையை இவ்வளவு கேவலமாகச் செய்ததற்காக நான் இதுவரை அழுததில்லை. பொம்மையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். புதியவர்கள் இருவரும் நாகரிகமாக மரத்தைப் பார்த்தார்கள்.

தராசு புதுக் கருவியைத் தன் கையால் கட்டினார். பிறகு தீக்குச்சியை என்னிடம் நீட்டி, "நீங்க பாருங்க" என்றார்.

நுழைந்தது. இன்னொரு முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்க்கும்போது சட்டைக் கையில் சூடாக இறங்கியது. நான் அசையவில்லை. பார்த்து முடித்தபிறகுதான் தலையசைத்தேன், அவர் பறக்கவிட்டார். குறியை நான் போட்டேன்.

வீட்டில் சட்டையை ஊறப்போடும்போது மனைவி வந்து, என்ன கறை என்று கேட்டாள்.

"மாப்பிள்ளை வந்திருந்தார்" என்றேன்.