சுபாஸ்கரனுக்காக ஏறிய மேடு

2 ஜூன் 2024, தோர்ண்டன் ஹீத்

மகள் கம்சிகா மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து இரண்டு வருடம். நான் இன்னும் வெஸ்ட் ஈலிங் அம்மனிடம்தான் போகிறேன், சண்டை இல்லை. இன்று சாப்பிடும்போது சொன்னாள்: 1856இல் இங்கிருந்து கப்பலேறிய அவர்களுடைய ஆட்கள், அமெரிக்காவில் கைவண்டி இழுத்து மேற்கே நடந்தார்களாம். குளிர் முந்திவிட்டது. இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். நிலம் உறைந்து குழி வெட்ட முடியாமல், சிலரைப் பனிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார்களாம்.

எழும்பிப் போய்விட்டேன். சோறு அப்படியே கிடந்தது. தன் அப்பா சுபாஸ்கரன் நாங்கள் ஊரைவிட்டு ஓடிவந்த வழியில் இறந்தார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

8 ஜூன்

சொல்லிவிட்டேன். 98 டிசம்பர், உக்ரேன் எல்லைக் காடு. அவள் என் வயிற்றில். "நில்லாதேங்கோ, நடவுங்கோ" என்று எங்களைக் களவாய் எல்லை கடத்திய ஏஜென்சிக்காரன் கத்தினான். சுபாஸ் தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போட்டார். விடிய அவர் எழும்பவில்லை. கையால பனியை அள்ளி மூடினன். வேற என்ன செய்யிறது? பிள்ளை வயித்தில, நடக்கத்தானே வேணும்?

கம்சிகா என் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஜூலையில அந்த நடையை எங்கட சபை ஆக்கள் டார்பிஷயர் மலையில கைவண்டி இழுத்து நடக்கப்போறம். ஒவ்வொருத்தரும் செத்த ஒராளின்ர பேரில. நான் அப்பான்ர பேரில நடக்கட்டோ?"

"அவர் உங்கட சபை இல்லையே."

"மேற்க நடந்தவர்தானே அம்மா."

19 ஜூலை

நானும் போகிறேன். பார்க்க மட்டும், இந்த முழங்கால் வலியோடு இழுக்க முடியாது.

20 ஜூலை

மழை. சேறு. செங்குத்தான மேட்டடியில் ஆண்களை விலகி நிற்கச் சொன்னார்கள். அன்று புருஷனைப் பறிகொடுத்த பெண்கள் தனியே இழுத்தார்களாம். அதன் நினைவாக இந்த மேட்டைப் பெண்கள் மட்டும் ஏற வேண்டும். பாதியில் கம்சிகாவின் வண்டி பின்னுக்கு வழுக்கத் தொடங்கியது. எப்போது ஓடினேன்? தெரியாது. அவளருகில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நடையை நடத்திய டயனா பதறினார். "லலிதா, வேண்டாம், உங்கள் முழங்கால்!"

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. "ஏலும்! எனக்கு ஏலும்! இழு பிள்ளை!"

இழுத்தோம். ஏறிவிட்டோம்!

உச்சியில் கம்சிகா "சுபாஸ்கரன்!" என்று கத்தினாள். பிறகு நான். என் குரலா அது? சேற்றில் நின்ற வெள்ளைக்காரப் பெண்களும் நாக்குத் தடுமாறத் தடுமாற அதையே கூப்பிட்டார்கள். மலை முழுக்க அவர் பெயர்.

21 ஜூலை

காலைத் தூக்க முடியவில்லை. கட்டிலில் வந்து பக்கத்தில் படுத்த கம்சிகா, "அப்பா எப்பிடிச் சிரிப்பார்?" என்று கேட்டாள். சிரித்துக் காட்டினேன். மத்தியானம் தாண்டியும் கதைத்துக்கொண்டிருந்தோம்.