மில் சுவர் விளக்கு

2.3.97 ஞாயிறு

காலை பத்து மணிக்கே வெயில். பெங்களூர் குளிர்ந்த ஊர் என்று சொல்கிறவனை எங்கள் ஸ்ரீராம்புரத்து ஷீட் கூரைக்குக் கீழே ஒரு மணி நேரம் உட்கார வைக்க வேண்டும்.

சங்கக் கூட்டம். வந்தவர்கள் ஒன்பது பேர். டீ வந்தபோது பதினான்கு.

ஆறாவது கிராஸ் இளைஞர் சங்கம் போன வருஷம் செய்த சேவைகள்: நோட்டுப் புத்தகம் (அட்டையில் தலைவர் படம்). கண் முகாம் (பேனரில் தலைவர் படம்). மோர்ப் பந்தல் (படம் இல்லை, தலைவரே நின்றார்). தலைவர் தேவராஜ் அண்ணா. இனி தே. ஷாமியானா வாடகைக்கு விடும் கடை. எந்தச் சேவையானாலும் அதற்குள் ஒரு ஷாமியானா வந்துவிடும்.

இந்த முறை மில் சுவர். மில் மூடிப் பல வருஷம். எங்கள் கிராஸ் (குறுக்குத் தெரு) முடிகிற இடத்தில் நீளமான சுவர், மூலையில் ஆள் நுழையும் அளவு உடைசல், உள்ளே புதர். ஆண்களுக்கெல்லாம் அதுதான் மூத்திரச் சுவர். நாற்றம் பள்ளிக்கூடம் வரை.

தே.: "சாமி டைல்ஸ் ஒட்டிடலாம்டா. பிள்ளையாரு, ஏசு, மெக்கா. மூணு பேரும் பாத்துக்கினு இருந்தா எவன் ஜிப்பத் தொறப்பான்?"

ரவி: "அப்போ புத்தரு? எங்க பக்கம் பாதிப் பேரு அவரத்தான் கும்புடறாங்க."

"வேணாம்டா. அவரு கண்ண மூடிக்கினு இருக்காரு. எவன் பயப்படுவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரவி சிரிக்கவில்லை. கால் மணி நேரம் சண்டை. முடிவு: புத்தரும் உண்டு, கடைசியில்.

நான் எழுந்து சொன்னது: ராத்திரியில் டைல்ஸ் தெரியாது, விளக்கு வேண்டும். நான் செயலாளர். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், கருகின மோட்டாருக்குக் காயில் சுற்றும் ரீவைண்டிங் கடையில் வேலை. ஒயரிங் என் பொறுப்பு என்றேன். தே. தன் கடையிலிருந்து ஒரு ஃபோகஸ் லைட் தருகிறார். கை தட்டினார்கள். பொய் எழுதுவானேன், பிடித்திருந்தது.

5.3.97 புதன்

டைல்ஸ் முடிந்தது. புத்தர் டைல் கடையில் கிடைக்கவில்லை. ரவி வீட்டுக் காலண்டர் படத்துக்குக் கண்ணாடி போட்டு, சிமெண்ட் வைத்துப் பதித்தோம்.

சங்க அறை ஃப்யூஸ் கட்டையிலிருந்து லைன் இழுத்தேன். கம்பம் மேஸ்திரி நட்டார். ஆறரைக்கு சுவிட்ச். மூலை முழுக்கப் பகல். உடைசல், புதர், உள்ளே போகிற ஒற்றையடிப் பாதை எல்லாம் பளிச். திறப்பு விழா 16ஆம் தேதி, பெரிய ஆள் ஒருவர் வருகிறாராம். அதுவரை ட்ரையல், தினமும் மாலை ஆறரை முதல் காலை ஆறு வரை.

செல்வி அக்கா அந்த வழியாக வந்தார். ரோடு கூட்டும் வேலை. எங்களுக்குப் பின்னால் உள்ள வீட்டு வரிசையில், பின் லைனில் வீடு.

"இன்னா செகரெட்ரி, இத்தினி வெளிச்சம்? யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க்கா."

என்னை ஒரு பார்வை பார்த்தார். போய்விட்டார். நன்றி சொல்லத் தெரியாத ஜனம் என்று நினைத்தேன்.

விழா அறிக்கை எழுத ஆரம்பித்தேன். "இருளில் நடமாடும் தாய்மார்களுக்குப் பாதுகாப்பு." நல்ல வரி.

7.3.97 வெள்ளி

விளக்கை உடைத்துவிட்டார்கள். கீழே கல், உள்ளங்கை அளவு. இரண்டே நாள்.

ரவிக்கு சந்தேகம் எட்டாவது கிராஸ் ரவுடிகள் மேல். தே.க்கு சந்தேகம் போன தேர்தலில் தனக்கு எதிராக நின்றவர் மேல். (சங்கத் தேர்தல். ஓட்டுப் போட்டவர்கள் பதினொரு பேர்.)

எனக்கு ஆத்திரம். இந்த ஜனங்களுக்கு எதைச் செய்தாலும் உருப்படாது. நாற்றத்திலேயே கிடக்கட்டும். இரவு சாப்பிடவில்லை. அம்மா: "லைட்டுதானே ஒடைஞ்சுது, உன் வாயா ஒடைஞ்சுது? துன்னு."

8.3.97 சனி

புது ஹாலஜன் பல்பு. இந்த முறை சுற்றிலும் கம்பி வலை, கடையில் நானே வளைத்துப் பற்ற வைத்தேன். முதலாளி பாய் பார்த்துவிட்டு: "க்யா ரே, லைட்டுக்கு ஜெயிலா?"

மாட்டிவிட்டுக் கீழே நின்று இரண்டு கல் எறிந்து பார்த்தேன். வலை தாங்கியது.

9.3.97 ஞாயிறு

மில் சுவரில் எவனும் இல்லை. வெற்றி. பத்தடி தள்ளி டிரான்ஸ்ஃபார்மர் ஓரம் வரிசையாக நிற்கிறார்கள். அங்கே நிழல், அங்கே சாமி இல்லை. ஒருவன் என்னைப் பார்த்து வணக்கம் வேறு வைத்தான், ஒரு கையால்.

சிரிப்பதா, உதைப்பதா.

11.3.97 செவ்வாய்

மத்தியானம் கடைக்கு அம்மா ஓடி வந்தாள். செல்வி அக்கா பெண் வசந்திக்குக் குளிர் ஜுரம், இடுப்பு வலி, ஆட்டோ வேண்டும். வசந்தி தலைப்பிரசவத்துக்கு ஓசூரிலிருந்து வந்திருக்கிறாள். ஏழு மாதம்.

ஆட்டோவில் நானும் போனேன். வழி முழுக்க அவள் பல்லைக் கடித்துக்கொண்டு. உதடு வெடித்துக் கிடந்தது. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். தலையை ஆட்டி மறுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டிரிப். மூத்திரத்தில் கிருமி என்றார் டாக்டரம்மா. தண்ணீரே குடிப்பதில்லை, மணிக்கணக்கில் அடக்குகிறாள், இப்படியே போனால் குறைமாதத்தில் வலி வந்துவிடும் என்றார். செல்வி அக்காவைத் திட்டினார்: "படிச்சு படிச்சு சொல்லணுமா? நிறைய குடிக்கணும், அடக்கவே கூடாது."

செல்வி அக்கா தலையை ஆட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா? தண்ணி குடிக்கணுமாம். குடிச்சிட்டு எங்க போவா? உன் லைட்டு கீழயா?"

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அதுதான் அசிங்கம்.

"எங்க லைன்ல இருவத்திரெண்டு வூடு. ஒரு வூட்லயும் கக்கூஸ் இல்ல. விடியறதுக்கு முன்ன ஒரு வாட்டி, இருட்டினப்புறம் ஒரு வாட்டி, அந்த ஒடைசல் வழியா உள்ள போவோம். பொம்பளைங்க எல்லாம். இப்போ உள்ள காலு வெச்சா கிராஸ் முழுக்கத் தெரியுது. வாசல்ல பிள்ளையாரு வேற, ஏசு வேற, பாத்துக்கினு. அந்தக் கண்ண மூடினவரு ஒருத்தர்தான் மரியாதை தெரிஞ்சவரு."

"ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"

"இன்னா சொல்றது, உன்கிட்ட? மீட்டிங்ல வந்து நின்னு சொல்லவா?"

"அப்போ கல்லு..."

"எட்டாவது கிராஸ்காரன் இல்ல. நான்தான். ஒடனே ஜெயில் கட்டினியே."

12.3.97 புதன்

வேலை ஓடவில்லை. ஒரு காயிலைத் தப்பாகச் சுற்றினேன், பாய் திட்டினார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். காலையில் வரிசை. அதற்கே நான் கத்துவேன். பின் லைன் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது அடி. இருபத்திரண்டு வீட்டுப் பெண்கள் எங்கே போகிறார்கள் என்று இருபத்து நாலு வருஷத்தில் ஒரு நாள் யோசித்ததில்லை. அறிக்கையில் மட்டும் தாய்மார்கள்.

இன்னொன்று. எழுதக் கை கூசுகிறது, எழுதித்தான் ஆக வேண்டும். கிராஸ் முனையில் பொதுக் கழிப்பிடம் இருக்கிறது. இரண்டு வருஷமாகப் பூட்டு. கதவில் சாக்பீஸ் எழுத்து: மோட்டார் ரிப்பேர். கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் வருகிறது, மேலே ஏற்ற மோட்டார் ஓடவில்லை. நான் தினமும் அதைப் படித்துக்கொண்டே கடைக்குப் போகிறேன். கடையில் தினமும் நாலு மோட்டார் சுற்றுகிறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

மாலை விளக்கைப் போடவில்லை.

13.3.97 வியாழன்

தே. காலையிலேயே வந்தார். "ஏன்டா லைட் எரியல? விழாவுக்கு ஆளுங்க வந்து பாக்கறாங்க, ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியாச்சு." சொன்னேன், முழுவதும். கெட்டவர் இல்லை, முகம் நிஜமாகவே சுருங்கியது. அப்புறம்:

"பாவம்தான்டா. ஆனா இப்போ நிறுத்த முடியாது. அவரு தேதி குடுத்துட்டாரு."

"விழா முடிஞ்சதும் எடுத்துடலாமாண்ணா?"

"கல்வெட்டு வெச்சப்புறம் எப்பிட்றா எடுக்கறது? பேரு இருக்கும், லைட் இருக்காதா?"

"அப்போ கக்கூஸ் மோட்டாரச் சரி பண்ணலாம். நான் சுத்தித் தரேன். சாவி மட்டும் வாங்கிக் குடுங்க."

"சாவி கான்ட்ராக்டர்கிட்ட. அவன் எங்கயோ. அதுவுமில்லாம, கக்கூஸுக்கு எவன்டா ரிப்பன் வெட்ட வருவான்?"

என்னிடமிருந்த சங்க அறைச் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆறரைக்கு விளக்கு எரிந்தது.

14.3.97 வெள்ளி

வசந்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை, தண்ணீர், நடை. பகலில் அம்மா எங்கள் பின்பக்கத்துக்குக் கூட்டி வந்தாள். நாலு குடித்தனத்தில் ஒன்று முகம் சுளித்தது, "டெய்லியா?" என்று. அம்மா: "உன் வூட்டு டிவிய டெய்லி நாங்க பாக்கல?"

ராத்திரி வரமாட்டாளாம். வீட்டு ஓனர் வெளிக் கதவுக்கு ஒன்பதுக்குப் பூட்டுப் போடுகிறான். ஓனரிடம் கேட்டேன். "ரூல்ஸ் ரூல்ஸ்தான்பா" என்றான். மற்ற இருபத்தோரு வீட்டுக்கு என்ன செய்வது என்று அம்மா கேட்டாள்.

15.3.97 சனி

செல்வி அக்காவிடம் சொன்னேன்: நாளை மேடையில் அறிக்கை நான்தான் வாசிக்கிறேன், எல்லாவற்றையும் மைக்கில் உடைத்துவிடுகிறேன்.

துடைப்பத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இன்னான்னு உடைப்ப? செல்வி பொண்ணு எங்க ஒக்கார்றான்னா? அவ மாமியார் வூட்ல நாளைக்கு அதையே சொல்லிக் காட்டுவாங்க. மைக்ல எங்க பேர இழுக்காத. உன் கோவத்துக்கு எங்க மானமா?"

சரி. பேச முடியாது. வேறு என்ன முடியும்? என்னால் முடிவது ஒயர், ஃப்யூஸ், ஸ்க்ரூ.

16.3.97 ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை.

மேடை சுவிட்சுக்கு லைன் இழுக்க தே. சங்க அறைச் சாவியைக் கொடுத்தார். மூன்று மணிக்கு ஏணி வைத்து ஏறி விளக்கைத் துடைத்தேன். கம்பி வலையைக் கழற்றிக் கீழே போட்டேன். பார்வைக்கு நன்றாக இருக்கும் என்றேன். தே. முதுகில் தட்டினார்.

ஷாமியானா. மைக் செட். சால்வை மூன்று. முன் வரிசையில் தலைகள். பின்னால், வெளிச்சம் படாத இடத்தில், பின் லைன் பெண்கள். தே. பிரியாணிப் பொட்டலம் உண்டு என்று சொல்லி வரவழைத்திருந்தார்.

அறிக்கை வாசித்தேன். தாய்மார்கள் வரி வந்தது. தாண்டிவிட்டேன். அதோடு அறிக்கையே முடிந்துவிட்டது, மீதி எல்லாம் பேர்கள்.

விழாவுக்கு வந்த பெரியவர் கன்னடத்தில் நாலு வார்த்தை, தமிழில் இரண்டு. சுவிட்சை அழுத்தினார். எரியவில்லை. மறுபடி. எரியவில்லை. கை தட்ட ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்தினார்கள்.

தே. பல்லைக் கடித்துக்கொண்டு: "சேகரு, ஃப்யூஸ் பாருடா."

"ஃப்யூஸ் என் பாக்கெட்ல இருக்குண்ணா."

"ஜல்தி போயி போடு!"

"போட மாட்டேன்."

மைக் ஆன். எல்லோருக்கும் கேட்டது. ஏன் என்று தே. கேட்டார், பெரியவர் கேட்டார், ரவி கேட்டான். பின்னால் பெண்கள் வரிசை. நான் காரணம் சொல்லவில்லை. முன் வரிசையில் ஒருவர்: "குடிச்சிட்டு வந்துக்கிறான்." இன்னொருவர்: "தலைவர் சீட்டு மேல கண்ணு." தே. என் சட்டைப் பாக்கெட்டில் கை விட்டு அவரே எடுத்தார். பாக்கெட் கிழிந்தது. ரவி ஓடிப் போய் மாட்டினான். எரிந்தது. கை தட்டல். சால்வை.

என்னை அங்கேயே நீக்கிவிட்டார்கள். தீர்மானம், வழிமொழிதல் எல்லாம் மைக்கில்.

வீட்டில் அம்மா அழுகை. "நாலு பேரு முன்ன குடிகாரன்னு பேரு வாங்கினியேடா." சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டு மணி இருக்கும், மில் பக்கம் கண்ணாடி நொறுங்கும் சத்தம். கிராஸ் முனை இருண்டது. அம்மா பேச்சை நிறுத்தினாள். முந்தானையில் மூக்கைத் துடைத்தாள்.

"சோறு போடட்டா?"

17.3.97 திங்கள்

கடையில் காலை முழுக்க ஃபேன் காயில். டீக்கடையில் என்னைக் காட்டிப் பேசுகிறார்கள். பேசட்டும்.

விளக்கு ஒரு வாரத்தில் மறுபடி வரும். தே. விட மாட்டார். வலையும் வரும், இதைவிடக் கெட்டியாக.

பதினொன்றுக்குக் கடை வாசலில் தள்ளுவண்டி. செல்வி அக்கா யூனிஃபார்ம் சேலையில், கூட பின் லைன் பெண்கள் மூன்று பேர். குப்பை வண்டிதான். மேலே கோணி. கோணியை எடுத்தால் ஒரு ஹெச்.பி. மோட்டார், துருவும் சிலந்திக் கூடுமாக.

பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு: "அரே, இன்னா இது?"

நான்: "கக்கூஸ் பூட்டியிருந்துச்சேக்கா?"

"துருப் பிடிச்ச பூட்டு. தொட்டோம், வந்துருச்சி."

மற்ற மூவரும் வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்கள்.

மேஜைமேல் தூக்கி வைத்தேன். மூடியைக் கழற்றினேன். காயில் மொத்தமும் கருகல். பேரிங் போயிருக்கிறது. ஷாஃப்ட் நன்றாக இருக்கிறது. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, ஃபேன் காயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எத்தினி நாளு ஆவும்?"

"ரெண்டு நாள்."

"வசந்தி தண்ணி குடிக்க ஆரம்பிச்சிட்டா. ஒரு நாள்ல முடி."