இடது தாடை

2024 ஜூன் 11, செவ்வாய்

ஐந்து மணி நேரம் ஊசியால் சுரண்டியதில் இன்று இரண்டு பல் வெளியே வந்தது. கோதாவரிப் பக்கத்திலிருந்து வந்த சிவப்புக் கல். அதற்குள் பல்லி போல ஒன்று. தலை என் கட்டைவிரல் அளவுதான். வயிற்றுப் பக்கம் வண்டின் ஓடுகள் கறுப்பாக ஒட்டிக் கிடக்கின்றன, இன்னும் லேசாகப் பளபளக்கின்றன. இருபது கோடி வருடத்துக்கு முன்னால் தின்ற தீனி.

தேவராஜ மொஹல்லா என்ற பேட்டையில் பதினாறு வருடம் பல்செட் செய்தவள் நான். மிஷின் வந்ததும் அந்த வேலை போனது. கல்லில் புதைந்த எலும்பைப் பிரித்தெடுக்கும் இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்து எட்டு மாதம். ஒரு பல்லைப் பார்த்து ஊசியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தது இன்றுதான்.

ஜூன் 13

பல் விழுந்தால் மறுபடி முளைக்குமா என்று பேராசிரியர் ஸ்வாதி மேடத்திடம் கேட்டேன். "இதுக்கு முளைக்காதுக்கா. பல்லு எலும்போட ஒட்டினது. சாகிற வரைக்கும் அதே பல்லுதான், தேஞ்சுகிட்டே போகும்."

ஜூன் 19

வலது பக்கப் பல் எல்லாம் மொட்டை. இடது பக்கம் முள் மாதிரி கூர். ஒரே வாய்தானே? இடது தாடையில் ஒரு புடைப்பு வேறு. ஒட்டிய கல் என்கிறார் மேடம். வயதைக் கண்டுபிடிக்க, வெள்ளிக்கிழமை அந்தத் தாடையை அறுத்துத் தேய்த்துப் பார்க்கப் போகிறார்களாம்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த வாய் எத்தனை பார்த்திருக்கிறேன். இந்தப் பக்கம் வலித்தால் அந்தப் பக்கம் மெல்லுவார்கள். சொல்லலாமா? நான் படித்தது பத்தாவது. மேடம் ஜெர்மனியில் படித்தவர்.

ஜூன் 20

சொல்லவில்லை.

ஜூன் 21

ரம்பத்தில் கல்லைப் பொருத்தியாயிற்று. "மேடம், அறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "அது கல்லில்லீங்க. தாடை ஒடஞ்சு கூடியிருக்குது. வலி பொறுக்காம வலப்பக்கமாவே மென்னிருக்குது."

மேடம் குனிந்து அந்தப் புடைப்பைப் பார்த்தார். "நிச்சயமாத் தெரியுமா அக்கா?"

"வாயைப் பாத்தாத் தெரியுது மேடம்."

ரம்பத்தை நிறுத்தச் சொன்னார். முதலில் ஸ்கேன் எடுப்பார்களாம். வீட்டில் இவர், "பெரிய எடத்துல வாயக் குடுத்துட்டு வந்துட்டியா?" என்றார். தப்பாக இருந்தால்? இந்த வேலையும் போனால்?

ஜூலை 2

ஸ்கேன் வந்தது. முறிந்த கோடு தெரிகிறது. இரண்டு முனையும் கோணலாகக் கூடியிருக்கின்றன. மேடம் திரையைப் பார்த்தபடியே என் தோளில் கை வைத்தார்.

ஆகஸ்ட் 23

தாடைக்குப் பதிலாகத் தொடை எலும்பில் ஒரு துணுக்கு அறுத்தார்கள். மரத்தில் இருப்பது போல, வருடத்துக்கு ஒரு வளையம். நான்காவது மட்டும் நூல் மாதிரி மெலிந்திருக்கிறது. "அந்த வருஷம் வளரவே இல்லை. அப்பத்தான் ஒடஞ்சிருக்கணும்" என்றார் மேடம்.

அதற்குப் பிறகு ஏழு வளையம். மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

வாய் திறக்க முடியாத அந்த வருடம் எதைத் தின்றது? மெத்தென்று இருக்கும் புழுவையா? கொண்டுவந்து கொடுக்க யார் இருந்தார்கள் — தானே ஊர்ந்து, தானே தேடி, ஒரு பக்கமாகவே மென்று, ஏழு மழைக்காலம். கடைசியாகவும் வண்டு பிடித்துத் தின்றுவிட்டுத்தான் செத்திருக்கிறது.

டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 30

இன்னொரு கல் வந்தது. மேடம் பெட்டியை என் மேசையில் வைத்தார். பிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நோட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.