இரண்டாம் மாடி வராண்டா பிளக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சுகம், அவர் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முனகுகிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் பழைய வயரையெல்லாம் பிடுங்கிப் புதுசு போடுகிறார்கள் என்று சொன்னேனே, நோயாளிகளை எங்கே அனுப்புவது, அதனால் மூடாமலே ஒவ்வொரு பக்கமாகக் கரண்ட்டை நிறுத்தி வேலை நடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை இரண்டாம் மாடி வராண்டா லைனை நிறுத்த வந்தார்கள். இதுல வெறும் லைட்டும் பிளக்கும்தான் என்று இன்ஜினியர் தம்பி வரைபடத்தை விரித்தார். நான் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிட்டே போனேன். அந்த பிளக்கில் தரை தேய்க்கிற மெஷினைப் போட்டால், குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கிற கண்ணாடிப் பெட்டிகள் பக்கத்து வார்டில் கீகீ என்று கத்தும், நர்ஸம்மா திட்டித் தீர்ப்பார். அதனாலேயே ஆறு வருஷமாக மாடிப்படி பிளக்கில்தான் மாட்டுகிறேன். இரண்டும் ஒரே லைன்தான் தம்பி என்று சொன்னேன். படத்துல அப்படி இல்லையேம்மா என்று சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! படம் போட்டவன் தரை துடைச்சானா என்று கேட்டுவிட்டேன். எங்கள் சூப்பர்வைசர் என் கையைப் பிடித்து இழுக்கிறார், வேலை போயிடும் என்கிறார், போனால் போகட்டும், உள்ளே இரண்டு குழந்தைகள், என் முழங்கை நீளம்கூட இல்லை. நல்லவேளை நர்ஸம்மா என் பக்கம் பேசினார். பெட்டிகளை வேறு லைனில் இருக்கிற எதிர்ச்சுவர் பிளக்குக்கு மாற்றி, பழைய இடத்தில் ஒரு மேஜை விளக்கை மாட்டி, அப்புறம்தான் வராண்டாவை நிறுத்த விட்டோம். விளக்கு பொசுக்கென்று அணைந்தது. இன்ஜினியர் உடனே பேனாவை எடுத்து வரைபடத்தில் குறித்தார்.

அதற்கப்புறம் என்னை விட்டாரா! நாலு மாடியும் கூட்டிக்கொண்டு போய், எதைத் தொட்டால் எங்கே எது சிணுங்கும் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நான் ரொம்ப அலட்டுகிறேனாம், உன் அப்பா கேலி செய்கிறார், ஆனால் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது அவர்தான்.

போன மாசம் நீ போனில், மாப்பைக் கீழே வைம்மா, நான் கரண்ட் இன்ஜினியர், என் அம்மா தரை துடைக்கிறாள்னு சொல்லக் கூச்சமா இருக்கு என்று சொன்னாய். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அழுதேன். இப்போது சொல்கிறேன், மாப்பை விடமாட்டேன்டி. புது வரைபடத்தின் மூலையில் சரிபார்த்தவர் என்ற இடத்தில் இரண்டு இன்ஜினியர்கள் கையெழுத்து, மூன்றாவதாக என்னையும் போடச் சொன்னார் அந்த இன்ஜினியர் தம்பி. கோணல்மாணலாகத்தான் வந்தது, போட்டேன்.

என் கண்ணே, நூறு வயசுக்கு நல்லா இரு. இன்ஜினியராக இருந்தாலும் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே.

இப்படிக்கு,
சரிபார்த்தவர்,
உன் அம்மா