இரண்டு தலை வயர்

2013 அக்டோபர் 22, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலையாக மொட்டை மாடிக்குப் போய் எங்கள் சோலார் பேனல்களைத் துடைத்தேன். ராத்திரிக் காற்றில் ரப்பர் இலை முழுக்க ஒட்டிக் கிடந்தது. மழை விட்டும் விடாமலும். மலை தெரியவில்லை.

இன்று: சிலிண்டருக்குப் போன். பேட்டரி பில். குடைக் கம்பி சரிசெய்ய.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து மணி வாக்கில் எங்கள் சோலார் கடையிலிருந்து இவர் போன். சாமுவேல் சார் வீட்டுப் பக்கம் தென்னை மட்டை விழுந்து லைன் அறுந்ததாம். சரிசெய்யக் கம்பத்தில் ஏறிய செல்வனுக்கு ஷாக். செல்வன் எங்கள் சபைப் பையன், மின்வாரியம் லைன் வேலைக்கு ஒப்பந்தத்தில் எடுத்தவன். நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது.

"டிரான்ஸ்பார்மர ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினானாம்" என்றார் இவர். பின்ன கரண்டு எங்கிருந்து வந்தது? கேட்டேன். கடையில் ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.

அந்த லைனில் கடைசி வீடு சாமுவேல் சாருடையது. ஓய்வு பெற்ற ஹெட்மாஸ்டர். ஜூனில் நாங்கள்தான் சோலார் போட்டுக் கொடுத்தோம்.

23, புதன்

மழை. துணி எதுவும் காயவில்லை.

செல்வனின் வலது கையை எடுக்க வேண்டியிருக்குமாம்.

வெள்ளிக்கிழமை சார் வீட்டுக்கு மின் ஆய்வாளர் வருகிறார். வயரிங் லைசென்ஸ்காரர் நேரில் இருக்க வேண்டும். லைசென்ஸ்காரர் நான். இவர் பதினாறு வருஷம் மஸ்கட்டில் வயர் இழுத்தவர். இங்கே சட்டப்படி ஒரு போர்டு மாட்ட உரிமை இல்லை. இன்ஜினியரிங் படித்தது நான். படித்துவிட்டு இருபது வருஷம் சோறு வடித்ததும் நான்தான். "ராஜன் அண்ணனுக்க லைசென்ஸ் அடுக்களையில இருக்கு" என்று கடைத்தெருவில் கேலி. மற்ற கடைகளில் லைசென்ஸை வாடகைக்கு எடுப்பார்கள், கையெழுத்துப் போடுகிறவர் வீட்டின் நிறம்கூட அறியமாட்டார். நான் அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஏணி ஏறிப் பார்த்துத்தான் போடுவேன்.

சார் வீட்டில் எர்த் குழி பார்த்தேன். போர்டு பார்த்தேன். சோலார் கரண்டு மூன்று ரூமுக்கு மட்டும், தனி வயரிங். அது கம்பத்துக்குப் போக வழியே இல்லை. இன்று நாலு தடவை மனசுக்குள் அந்த வீட்டைச் சுற்றி வந்துவிட்டேன். வழியே இல்லை.

இவர் சாப்பிடவில்லை. நெத்திலி அவியல் அப்படியே சட்டியில்.

25, வெள்ளி

வெயில் கொஞ்சம். ஆய்வாளர் நல்ல மனிதர், மூச்சிரைப்பு உண்டு. மாடி, போர்டு, எர்த், மீட்டர் எல்லாம் பார்த்தார். "உங்க வேலை சுத்தமா இருக்கு மேடம். பையன் கிளவுஸ் போடல்ல. அவ்வளவுதான்."

சாமுவேல் சார் தலையாட்டினார். "இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு எல்லாம் அவசரம்."

ஆய்வாளர் போனபின் லில்லி அக்கா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டார், சாரின் மனைவி. வாழைக்குலை பார்க்க என்று. அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு துணிக்கடைப் பை.

"இத நீயே கொண்டு போ மக்கா. இத வீட்டுல வச்சிட்டு எனக்கு ஒறக்கம் வரல்ல."

உள்ளே ஒரு வயர். இரண்டு முனையிலும் பிளக். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு தலையை சோலார் சாக்கெட்டில் குத்தி மறு தலையை வீட்டுச் சாக்கெட்டில் குத்தினால் வீடு முழுக்க எரியும். மெயினை அணைக்காமல் குத்தினால் வீட்டோடு நிற்காது. மீட்டரைத் தாண்டிக் கம்பத்துக்குப் போகும்.

"கரண்டு போனா எனக்க ரூமுல ஃபேன் ஓடாதுல்லா, அதுக்குச் செய்ய வச்சாவ. எப்பவும் மெயின அணைச்சிட்டுத்தான் குத்துவாவ. அன்னைக்கு மழ. மெயின் வெளிச் செவருலல்லா இருக்கு. நனையாண்டாம்ன்னு…" அக்கா பானை மூடியை நேராக்கி வைத்தார். "அவன் கத்தினதும் சாரு ஓடிவந்து புடுங்கிட்டாவ."

யார் செய்து கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. பிளக் கழுத்தில் மஞ்சள் டேப், நெருக்கமாக, சரிவாக, கடைசிச் சுற்று உள்ளே மடித்து. மஸ்கட் பழக்கம். எங்கள் வீட்டு மிக்ஸி வயரிலும் அப்படித்தான்.

வீட்டில் மேஜைமேல் வைத்தேன். இவர் பார்த்ததும் வாசல் கதவைச் சாத்தினார்.

"இது ஊருல எந்த வீட்டுலட்டி இல்ல? நான் குடுக்கல்லன்னா அடுத்த கடைக்காரன் குடுப்பான். மெயின அணைக்கணும்ன்னு எத்தன தடவ சொன்னேன் அவருகிட்ட."

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ விடுவியா?"

அப்புறம் நெடுநேரம் லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்தச் சவத்து வயர ஆத்துல எறி. ஒனக்க லைசென்ஸ் போவும். நான் உள்ள போவேன். அவனுக்க கை திரும்ப வருமா, சொல்லு."

வராது.

26, சனி

மழை. ஆஸ்பத்திரி. ஆரஞ்சு, ஹார்லிக்ஸ் வாங்கிப் போனேன். என்னத்துக்கு ஹார்லிக்ஸ்.

செல்வனுக்கு வலது முழங்கைக்குக் கீழே இல்லை. செல்வனின் மனைவி ஜெயா வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். "கிளவுஸ் போடாம ஏறினேன்னு எழுதி ஒப்பு கேக்காவ அக்கா. ஒப்பு போட்டா நஷ்டஈடு ஒண்ணும் கெடைக்காதாம். ரெண்டு பேருக்கு ஒரு சோடி கிளவுஸ் குடுத்த காண்ட்ராக்டர் பேச வாறான்."

செல்வன் விழித்துத்தான் இருந்தான். இடது கையால் என் சேலையைத் தொட்டான்.

"அக்கா, நான் ஆஃப் பண்ணினேன். சுவிட்ச இறக்கிட்டுத்தான் ஏறினேன்." தலையணையில் திரும்பி என்னைப் பார்த்தான். "இப்பம் எல்லாரும் சொல்லதக் கேட்டா, வேற எதையும் மாத்தி இறக்கிட்டனோன்னு இருக்கு. அப்பிடி இருக்குமா? நீங்க படிச்சவிய, சொல்லுங்க."

காப்பி வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்தேன். திரும்பிப் போகவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

இவர் கேட்டார், எறிஞ்சியா என்று. பாலத்தில் பஸ் நின்றபோது எறிந்ததாகச் சொன்னேன். பை பீரோவில், போர்வைக்கு அடியில்.

27, ஞாயிறு

மழை இல்லை. ஈரக்காற்று. கோயிலில் வேதபாடம் வாசித்தது சாமுவேல் சார். குரல் தடுமாறவே இல்லை. செல்வனுக்காக ஜெபிக்கச் சொன்னார்கள், அதையும் அவரே செய்தார். "அந்த வாலிபனின் கவனக்குறைவை மன்னித்து…" எல்லோரும் ஆமென். லில்லி அக்கா பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பக்கம் தேடினேன். இவர் ஆண்கள் பக்கம், முகம் தெரியவில்லை.

மதியம் இவர் படுத்தபின் வயரை எடுத்தேன். டேப்பை உரித்துவிட்டு வேறு டேப் சுற்றினால் யார் செய்ததென்று தெரியாது. சார் மட்டும் மாட்டுவார். ஒரு பிளக்கில் பாதி உரித்தேன். கையெல்லாம் பசை. உரித்தால் நானும் அந்த வயரைச் செய்தவள்தான். வந்த வழியிலேயே திரும்பச் சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே மடித்தேன். அவர் மாதிரி வரவில்லை.

மகள் பெங்களூரிலிருந்து போன். ஊறுகாய் கேட்டாள். குரல் என்ன ஒரு மாதிரி என்றாள். ஜலதோஷம்.

நாளை இவர் மார்த்தாண்டத்துக்கு, பேட்டரி எடுக்க. காலையிலேயே போய்விடுவார். எனக்கு எட்டரை பஸ். ஆய்வாளர் ஆபீஸ் நாகர்கோவிலில், பத்துக்குத் திறக்கும். அவர் மேஜையில் முதலில் என் லைசென்ஸ், அப்புறம் வயர். செய்தது யாரென்று கேட்டால் இவர் பேரும். அங்கிருந்து ஆஸ்பத்திரி, நடந்தே. செல்வனுக்கு ஒரு பதில் பாக்கி.

இவர் இப்போது வந்து கதவருகே நின்றார். "நாளைக்கு வரும்போ மீன் வாங்கணுமா? சாள நல்லா வருது."

வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.