நடக்காத இரண்டாவது சண்டை

செவ்வாய்க்கிழமை. விடாத மழை.

எஸ்டேட்டில் தேயிலை நிறுக்கும் இடத்தில் இன்றும் அந்தப் பழைய குத்துச்சண்டை சாம்பியன் பேச்சுதான். பட்டம் போன பிறகு இன்னொரு தடவை மோத விட்டிருந்தால் அவர்தான் ஜெயித்திருப்பார் என்று நானும் என் கூட்டாளி ராசுவும் வருஷக்கணக்காகச் சாதிக்கிறோம். எதிர்த்துப் பேசியவனை எல்லாம் கிண்டல் செய்தே ஓட்டியிருக்கிறோம்.

இன்று புதுசாக வந்த சூப்பர்வைசர் சிரித்தார். "மறுபடி மோதியிருந்தா முதல் ரவுண்டுலயே படுத்திருப்பான்யா."

நான் வாயைத் திறப்பதற்குள் ராசு முந்திக்கொண்டான். "நானும் அதைத்தானுங்க சார் சொல்றேன், இவன் கேக்க மாட்டேங்கறான். அந்தாளு தோத்தன்னிக்கு டிவி முன்னாடி குலுங்கிக் குலுங்கி அழுதவனுங்க இவன்!"

எல்லோரும் சிரித்தார்கள். எஸ்டேட்டையே கலாய்க்கிற நான் இலை மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தேன்.

திரும்பும் வழியில் ராசு தோளில் கை போட்டான். "கோவிச்சுக்காதடா. ஊட்டுக்கூரை ஒழுகுது. சூப்பர்வைசரு எழுதிக் குடுத்தாத்தான் எஸ்டேட்டுல மாத்துவாங்க."

கையைத் தட்டிவிட்டு நடந்தேன்.

கூரைக்காக என்று காலையிலேயே சொல்லியிருந்தால் சாம்பியனை நானே முதல் குத்தில் சாய்த்திருப்பேன். ஆனால் நான் அழுததை எதற்குச் சொன்னான்? அது அவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.